பெயின்ட் அடிக்காமல் அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: வயதான ஒரு விவசாயியிடமிருந்து 1951-ஆம் ஆண்டு செவ்ரோலெட் 3100 பிக்கப் ஒன்றை வாங்கியிருக்கிறேன். கொட்டகையில் பல வருடம் நின்ற வண்டி. எஞ்சின் ஓடுகிறது. பச்சை பெயின்ட் பாதி போய், அங்கங்கே பிரைமரும் வெறும் தகடும் தெரிகின்றன. கதவில் எழுதியிருந்த பண்ணையின் பெயர் மங்கலாக இன்னும் இருக்கிறது. "மொத்தமாகப் பிரித்து, டிங்கரிங் பார்த்து, பளபளவென்று புதிதாக்கிவிடலாம் அப்பா" என்கிறான் மகன். எனக்கோ இதை இப்படியே வைத்துக்கொள்ளத்தான் ஆசை. ஏன் என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. இது வெறும் சோம்பேறித்தனமா? இப்படியே விட்டால் துருப்பிடித்து அழிந்துவிடாதா?

பதில்: சோம்பேறித்தனம் இல்லை. வெளித்தோற்றத்தை இப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் இந்த வண்டிக்கு நிறைய வேலை காத்திருக்கிறது. அதைத் தள்ளிப்போடக் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் உங்கள் மகன் ஒத்துக்கொள்வார் என்றே நினைக்கிறேன்.

முதலில் உங்கள் ஆசையைப் பார்ப்போம். செவ்ரோலெட் இந்த உருவத்தில் பிக்கப்புகளை 1947-இல் தொடங்கி 1955-இன் தொடக்கம் வரை தயாரித்தது. சுமார் மூன்றரை லிட்டர் கொள்ளளவில் ஆறு சிலிண்டர் எஞ்சின், 92 குதிரைத்திறன், ஸ்டார்ட் செய்யக் காலால் மிதிக்கும் பெடல். பண்ணைக்கும் கட்டட வேலைக்கும் என்றே கட்டிய வண்டி இது. அழகுக்காக வாங்கி, வாரம் ஒருமுறை மெழுகு போட்டுத் துடைத்த கார் அல்ல. அதனால் இதன் மேலிருக்கும் ஒவ்வொரு தேய்மானமும் ஏதோ ஒரு வேலையில் வந்தது. அந்த வேலையைப் பார்த்தவர்கள் போய்விட்டாலும், அது நடந்த விதம் தகட்டிலும் மரத்திலும் பதிந்திருக்கிறது. உங்களை இழுப்பது அதுதான் என்பது என் எண்ணம்.

மகனைக் கூப்பிட்டு, வண்டியைச் சுற்றி ஒரு மணி நேரம் நிதானமாகப் பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவின் ஜன்னல் விளிம்பில் முழங்கை ஊன்றிய இடத்தில் மட்டும் பெயின்ட் போயிருக்கும். எதிர்ப்பக்கக் கதவில் அதே இடம் நன்றாக இருக்கும். அப்படியென்றால் பெரும்பாலும் தனியாகவே ஓட்டியிருக்கிறார்கள். கிளட்ச் பெடலின் ரப்பர் ஒரு ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தால், ஒரே மனிதரின் கால் வருடக்கணக்கில் அங்கே பட்டிருக்கிறது. பின்பக்கத் தொட்டியின் பக்கத் தகடுகளில் உள்ள ஒடுக்குகள் உள்ளிருந்து வெளியே பிதுங்கியிருக்கும். மோதலில் வந்தவை அல்ல, ஏற்றிய சுமை தள்ளியதில் வந்தவை. டெயில்கேட்டைத் தாங்கும் சங்கிலி ஆடி ஆடி உரசிய தடம் வளைவாக விழுந்திருக்கும். தொட்டியின் தரை மரப்பலகை. பலகைகளுக்கு நடுவே ஓடும் இரும்புப் பட்டைகள், மூட்டைகளை இழுத்து இழுத்து வழவழப்பாகியிருக்கும். அப்புறம் கதவைத் திறந்து, கீல் பக்கம் வெயில் படாத இடத்தைப் பாருங்கள். தொழிற்சாலையில் அடித்த அதே அடர்பச்சை அங்கே இருக்கும்.

பெயின்ட் இப்படி அடுக்கடுக்காகத் தேய்வதற்கும் காரணம் உண்டு. அந்தக் காலத்துப் பெயின்ட்டின் மேல் இன்று போல கிளியர் கோட் எனும் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு கிடையாது. நிறமே வெயிலுக்கு நேராக நிற்கும். மேல் அடுக்கு சுண்ணாம்புபோல் மாவாகி, ஒவ்வொரு துடைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். பச்சை போய் பிரைமர் தெரியும், அதுவும் போய்த் தகடு தெரியும், தகடு பழுப்பாகும். கூரையும் பானட்டும் எப்போதும் முதலில் போவது அதனால்தான். கதவில் எழுத்து இருந்த இடத்தில் மட்டும் அடியிலிருக்கும் பச்சை கொஞ்சம் ஆழமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். கையால் எழுதிய அந்த எழுத்துப் பெயின்ட் தான் மங்கிக்கொண்டே, தனக்குக் கீழிருந்த நிறத்தை வெயிலிலிருந்து காப்பாற்றியிருக்கும். எழுத்து முழுக்க அழிந்த பிறகும் பெயரைப் படிக்க முடிவது இப்படித்தான்.

மணலைக் காற்றழுத்தத்தில் வீசிப் பெயின்ட்டை உரிக்கும் ஒரே நாள் வேலையில் இவ்வளவும் போய்விடும். தகட்டை வெள்ளையாகச் சுரண்டி, பட்டி பார்த்து, புதுப் பச்சை அடித்தால் அழகான வண்டி ஒன்று கிடைக்கும் என்பதில் சந்தேகமில்லை. திறமையாகப் புதுப்பித்த வண்டிகளை நானும் நின்று ரசிக்கிறேன். ஆனால் அந்த வேலையை அடுத்த வருடமும் செய்யலாம், 20 வருடம் கழித்து உங்கள் மகனே செய்யலாம். செய்த பிறகு திரும்பி வர மட்டும் வழியில்லை. சந்தேகம் இருக்கும்வரை தொடாமல் வைத்திருப்பதே சரி என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிவா 2012-இல் ஏற்றுக்கொண்ட டுரின் சாசனமும், பாதுகாப்பது வேறு, புதுப்பிப்பது வேறு என்று பிரித்துவைத்து, தலையீடு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்ற பக்கமே நிற்கிறது.

இப்போது துரு. உங்கள் பயம் நியாயமானதுதான், ஆனால் அது தவறான இடத்தைப் பார்க்கிறது. பானட்டின் மேலும் கதவின் மேலும் தெரியும் மெல்லிய பழுப்பு, வண்டி உலர்ந்த இடத்தில் நிற்கும்வரை மிக மெதுவாகத்தான் நகரும். வண்டியைத் தின்பது உள்ளிருந்து வெளியே வரும் துரு. மண்ணும் ஈரமும் சேர்ந்து தங்கும் இடங்களில் அது இருக்கும்: கேபினின் பின்பக்கக் கீழ் மூலைகள், கதவின் அடிவிளிம்பு, கால் வைக்கும் தரை, கேபினைச் சேஸிஸோடு பிணைக்கும் தாங்கிகள், பின் அச்சுக்கு மேலே சேஸிஸ் வளையும் பகுதி. ஒரு ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அங்கே தகடு வெட்டி வெல்டிங் செய்தே ஆகவேண்டும். பழமை, அழகு என்று பேசி அதை விட்டுவைக்க முடியாது. தாங்கியும் சேஸிஸும் அழுகிய வண்டியில் ஏறி உட்காருவதே ஆபத்து. ஒட்டுப்போட்ட இடத்தை மறைக்கத் தேவையில்லை. பிரைமர் அடித்து, பக்கத்து நிறத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்த மங்கலான பெயின்ட் பூசி விடுங்கள். பண்ணையில் இருந்தபோதும் பழுது அப்படித்தான் பார்த்திருப்பார்கள்.

வெளித் தகட்டுக்கு: மிதமான சோப்பு நீர், மெல்லிய துணி, உடனே துடைத்து உலர்த்துவது, பிறகு மெழுகு. இது போதும். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம்; தளர்ந்து நிற்கும் பெயின்ட்டை உரித்துவிடும். எழுத்தின் மேல் பாலிஷ் தேய்க்காதீர்கள். துருவின் மேலேயே கிளியர் கோட் அடித்து மூடச் சொல்பவர்கள் உண்டு. பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் அடியில் ஈரம் சிக்கினால் சில வருடங்களில் அது உரியத் தொடங்கும், உரியும்போது அசல் பெயின்ட்டையும் கூட்டிக்கொண்டு போகும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்களும் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. நாளாக நாளாக மஞ்சளாகி, தூசியைப் பிடித்துக்கொள்கிறது. அப்படியே பூசினாலும், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், இல்லை தண்ணீரில் ஊறவையுங்கள். இன்னொன்று: அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.

உள்வேலைகளில் கஞ்சத்தனமே கூடாது. முதல் வேலை பிரேக். இந்த வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் சுற்றுதான். எங்காவது ஒரு குழாயோ ஹோஸோ விட்டுப்போனால் நான்கு சக்கரத்திலும் பிரேக் ஒன்றாகப் போய்விடும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிச் சுற்று வேண்டும் என்று கார்களுக்கு அமெரிக்கா கட்டாயமாக்கியதே 1968-இல்தான். ரப்பர் ஹோஸ், வீல் சிலிண்டர், இரும்புக் குழாய் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். பெடலை மிதித்ததும் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரை, இரண்டு சுற்று உள்ளதாக மாற்றிக்கொண்டால் இன்னும் நல்லது. அது தரைக்குக் கீழே இருப்பதால் வெளித்தோற்றம் மாறாது. கழற்றியதைத் துடைத்து, சீட்டு கட்டிப் பெட்டியில் வையுங்கள். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துச் சுத்தம் செய்யாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

பெட்ரோல் டேங்க் உங்கள் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் அதன் இணைப்பையும் பெட்ரோல் ஊற்றும் வாயின் ரப்பரையும் கவனமாகப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் வாசனை வந்தால், காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை ஓட்ட வேண்டாம். அந்தக் காலத்தில் இதற்கு சீட் பெல்ட் கிடையாது, கட்டாயம் பொருத்துங்கள். ஆனால் அதற்குத் துளை போடுமுன் டேங்க்கை வெளியே எடுத்துவிட வேண்டும்.

டயரில் பூ, அதாவது தரையில் படும் வரிகள், நன்றாக இருக்கிறதே என்று நம்பாதீர்கள். பக்கவாட்டில் DOT என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி 4 எண்கள், தயாரான வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். அங்கே 3 எண்களே இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர், உடனே மாற்றுங்கள். வயரிங்கின் மேலுறை துணி. விரலால் வளைத்தால் உதிர்கிறது என்றால் அதையும் மாற்றியாக வேண்டும். துணி உறை போட்ட புது வயரே கிடைக்கிறது. இந்த வண்டியின் மின்சாரம் 6 வோல்ட். அதை 12 ஆக்கச் சொல்லிப் பலர் வருவார்கள். அவசரப்பட வேண்டாம். 6 வோல்ட் வண்டியில் ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் மெதுவாகச் சுழல்வதற்குப் பெரும்பாலும் காரணம், யாரோ போட்ட மெல்லிய பேட்டரி கேபிளும் துருப்பிடித்த எர்த்தும்தான். தடித்த கேபிள் போட்டு, எர்த் இடத்தைத் தகடு தெரியத் தேய்த்துப் பாருங்கள்.

மகனுக்கு ஒரு வார்த்தை. கையில் கருவி எடுக்க ஆசைப்படுகிறார், அது நல்ல ஆசை. மேலே சொன்ன பிரேக், வயரிங், தரை வெல்டிங் எல்லாம் அவருக்கான வேலைகள். பெயின்ட் அடிப்பதைவிட அதிகம் கற்றுக்கொள்வார். வண்டி தயாரானதும் இருவரும் எடுத்து ஓட்டுங்கள். மணிக்கு 75, 80 கிலோமீட்டருக்கு மேல் விரட்டாதீர்கள், பின் அச்சின் கியர் விகிதமும் எஞ்சினும் அதற்கானவை அல்ல. விறகு ஏற்றுங்கள், மண் ஏற்றுங்கள். புதுக் கீறல் விழுந்தால் விழட்டும். கண்ணாடிக் கூண்டுக்குள் வைக்கும் பொருளாக இதை ஆக்கிவிட்டால், நீங்கள் விரும்பிய எதுவும் அதில் தொடர்ந்து நடக்காது. செயற்கையாகப் பழுப்பு ஏற்றும் வேலைக்கு மட்டும் போகாதீர்கள். கை படாத, வெயில் விழாத இடத்தில் தேய்மானம் இருந்தால் பார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

கழுவுவதற்கு முன்பு, இப்போது இருக்கும் நிலையிலேயே எல்லாப் பக்கமும் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். கதவெழுத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்தால் கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் தெரியும். பிறகு அந்த விவசாயியிடம் ஒருமுறை போய் வாருங்கள். கதவில் யார் எழுதினார்கள், தொட்டியில் என்னவெல்லாம் போனது, அந்தப் பெரிய ஒடுக்கு எப்போது விழுந்தது என்று கேட்டுப் பதிவுசெய்துகொள்ளுங்கள். மகனையும் கூட அழைத்துப் போங்கள். ஆனால் இந்த வண்டியில் போகாதீர்கள், பிரேக் வேலை இன்னும் முடியவில்லை.