ஆணுறை கிழிந்துவிட்டது, மாத்திரை இருக்கா?

கேள்வி: களியக்காவிளையில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். "நேத்து ராத்திரி ஆணுறை கிழிஞ்சு போச்சு அண்ணாச்சி, எய்ட்ஸ் வராம இருக்க மாத்திரை தாங்க" என்று சிலர் கேட்கிறார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் எதைக் கொடுக்கலாம்?

பதில்: எதையும் கொடுக்கக் கூடாது. அதற்காக 'தெரியாது' என்று கைவிரிக்கவும் வேண்டாம். ஆளைக் கல்லாவின் ஓரத்துக்கு அழைத்து, எத்தனை மணி நேரம் ஆச்சு என்று மட்டும் கேளுங்கள். 'யாரோடு' என்பது உங்களுக்குத் தேவையில்லை. நாலு பேர் நிற்கும்போது அதைக் கேட்டால் அவர் நழுவிவிடுவார்.

எச்.ஐ.வி. உடலில் நிலைகொள்ளாமல் தடுக்கும் 'பெப்' மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். முதல் 2 மணி நேரத்துக்குள் என்றால் மிக நல்லது. அதன்பின் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்தான். டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் சேர்ந்த ஒரே மாத்திரையைத்தான் வழக்கமாகத் தருவார்கள். தினம் ஒன்று, 28 நாள். தேவையா என்பதை டாக்டர் முடிவு செய்வார். முதலில் ரத்தப் பரிசோதனையும் உண்டு, ஆனால் அதன் முடிவுக்காக முதல் மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது.

சனி இரவு நடந்ததற்குத் திங்கள் காலை ஏ.ஆர்.டி. மையம் (எச்.ஐ.வி. சிகிச்சை மையம்) திறக்கட்டும் என்று காத்திருந்தால் பாதி அவகாசம் போய்விடும். நேராக ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அனுப்புங்கள். கேரளப் பக்கம் போகிறவர் என்றால் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ். போனில் விசாரிக்க 1097, இலவசம்.

கடைகளில் நடக்கும் தவறு, ஆளைச் சமாதானப்படுத்த அசித்ரோமைசின் ஸ்ட்ரிப் ஒன்றைக் கிழித்துக் கொடுப்பது. அது வைரஸை ஒன்றும் செய்யாது. ஐ-பில் கர்ப்பத்தைத் தடுக்க மட்டும்தான். இரண்டுமே 'மருந்து சாப்பிட்டாச்சு' என்ற நிம்மதியைக் கொடுத்து அந்த 72 மணி நேரத்தைத் தின்றுவிடும்.

கேள்வி: பெப் சாப்பிடுகிறவர் வயிற்றெரிச்சலுக்கு ஜெலுசில் கேட்கிறார். கொடுக்கலாமா? (பாறசாலை வாசகர்)

பதில்: கொடுக்கலாம், நேரம் சொல்லிக் கொடுங்கள். அதிலுள்ள அலுமினியமும் மக்னீசியமும் டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாது. மாத்திரை சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து ஜெலுசில்; ஜெலுசிலை முதலில் குடித்துவிட்டால் 6 மணி நேரம் கழித்துத்தான் மாத்திரை. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதே கணக்கு, சாப்பாட்டோடு என்றால் மட்டும் சேர்த்தே போடலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவரா என்றும் கேளுங்கள்: டோலுடெக்ராவிர் அதன் அளவை ரத்தத்தில் கூட்டும், டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: மறுநாளே டெஸ்ட் எடுத்து 'நெகட்டிவ்' என்று வந்தால் போதுமா?

பதில்: போதாது. அது பழைய நிலவரத்தைத்தான் சொல்லும். 6 வாரத்திலும் 3 மாதத்திலும் மறுபடி எடுக்க வேண்டும். டெஸ்ட் எடுக்கும் இடத்தில், தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் 'நம்பிக்கை மையம்' என்றும், கேரளத்தில் 'ஜ்யோதிஸ்' என்றும் பலகை இருக்கும். இரண்டிலும் இலவசம்.