உங்கள் கைப்பக்குவத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்

கேள்வி: எனக்கு வயது 47. திருச்சியில் இருக்கிறேன். சமையல் எனக்கு நன்றாக வரும் என்று உறவில் எல்லோரும் சொல்வார்கள். எங்கள் ஊரிலிருந்து வரும் ஒரு சிறு மாத இதழில், புதிய சமையல் புத்தகங்களுக்கு விமர்சனம் எழுதித் தரச் சொல்லி, சென்னைப் புத்தகக் காட்சியில் வாங்கிய மூன்று புத்தகங்களைக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று பாரம்பரியப் பலகாரம், ஒன்று யாழ்ப்பாணச் சமையல், இன்னொன்று கேக், பிஸ்கட் வகை. பலகாரப் புத்தகத்தைப் பார்த்து அதிரசம் செய்தேன், எண்ணெயில் போட்டதும் பிரிந்துபோனது. மற்றதெல்லாம் நன்றாக வந்தது. தப்பு என் மேலா, புத்தகத்தின் மேலா? கேக் புத்தகத்தை எழுதியவர் எனக்குத் தெரிந்தவர். குறை எழுதினால் மனஸ்தாபம் வருமோ என்று தயக்கம். விமர்சனத்தோடு ஒரு குறிப்பையும் முழுசாகப் போடலாமா? இதற்கிடையில் மாமியார், 'தினமும் புத்தகச் சாப்பாடுதானா?' என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். வழி சொல்லுங்கள்.
- திருச்சி வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அதிரசத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். 'மற்றதெல்லாம் நன்றாக வந்தது' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். நன்றாக வந்தது புத்தகத்தாலா, உங்களாலா?

இத்தனை வருஷம் அடுப்படியில் பழகிய கை உங்களுடையது. குறிப்பில் 'வெங்காயத்தை வதக்கவும்' என்று மட்டும் இருந்தாலும், எந்த நிறத்துக்கு வந்ததும் தக்காளி போட வேண்டும் என்று அதற்குத் தெரியும். 'புளிக்கரைசலைக் கொதிக்க விடவும்' என்று இருந்தால், பச்சை வாசனை போகிற வரைக்கும் தானாகவே காத்திருப்பீர்கள். உப்பு ஒரு டீஸ்பூன் என்பது ஒரு டேபிள்ஸ்பூன் என்று தப்பாக அச்சாகியிருந்தால், கண் அதைப் படித்தாலும் கை பாதியிலேயே நின்றுவிடும். மூன்று மடங்கு உப்பு விழ வேண்டிய குழம்பு பிழைத்துவிடும். புத்தகம் விட்ட இடத்தையெல்லாம் நீங்கள் சத்தமில்லாமல் நிரப்பிவிட்டு, கடைசியில் 'நல்ல புத்தகம்' என்று எழுதிவிடுவீர்கள். அதை நம்பி வாங்கப்போவது யார்? புதிதாகத் தனிக்குடித்தனம் போன பெண். பெங்களூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன். அவர்களுக்கு உங்கள் கை கிடையாது, அச்சடித்த எழுத்து மட்டும்தான் இருக்கிறது. நீங்கள் எடை போட வேண்டியது அந்த எழுத்தைத்தான். நன்றாகச் சமைக்கத் தெரிந்தவருக்கு இது மற்றவர்களைவிடக் கஷ்டமான வேலை, அதைப் புரிந்துகொண்டு இறங்குங்கள்.

எனவே முதல் தடவை, குறிப்பில் எழுதியிருப்பதை அட்சரம் பிசகாமல் செய்யுங்கள். காரம் கூடுதலாகத் தெரிகிறதா? குறைக்காதீர்கள். பெருங்காயம் விட்டுப்போயிருக்கிறதா? சேர்க்காதீர்கள். கை தானாகப் போய் எதையாவது மாற்றிவிட்டால், மாற்றியதை ஓரத்திலேயே பென்சிலால் குறித்துவிடுங்கள். அந்தப் பென்சில் குறிப்புகள்தான் உங்கள் விமர்சனத்தின் பாதி. இரண்டாவது தடவை உங்கள் விருப்பப்படி திருத்திச் செய்யலாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதினால் வாசகருக்கு உண்மையில் பிரயோஜனம்.

இதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. வீட்டில் சமையல் அவ்வளவாகத் தெரியாத ஒருவரிடம், அது உங்கள் கணவரோ பிள்ளையோ, புத்தகத்தைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், வாய் திறக்காதீர்கள். அவர் எந்த வரியில் நின்று உங்களைத் திரும்பிப் பார்க்கிறாரோ, அந்த வரியில்தான் புத்தகம் தவறியிருக்கிறது.

அடுப்பைப் பற்ற வைக்கும் முன்னால் முழுப் புத்தகத்தையும் உட்கார்ந்து படித்துவிடுங்கள். தேவையான பொருட்கள் பட்டியலில் கசகசா இருக்கும், செய்முறையில் அது எங்கே போகிறது என்றே இருக்காது. செய்முறையில் 'அரைத்த விழுதைச் சேர்க்கவும்' என்று வரும், எதை அரைப்பது என்று முன்னால் சொல்லியிருக்க மாட்டார்கள். '30 நிமிடத்தில் தயார்' என்று போட்டிருப்பார்கள், நான்கு மணி நேரம் ஊற வைப்பது அந்தக் கணக்கில் வராது. 'மூன்று விசில்' என்று இருக்கும், எத்தனை லிட்டர் குக்கர், எவ்வளவு தீ என்று இருக்காது. இப்படிப்பட்டவை படிக்கும்போதே கண்ணில் பட்டுவிடும். மேடையில் விரித்து வைத்தால் புத்தகம் மூடிக்கொள்கிறதா, பின்னால் அகரவரிசைப் பட்டியல் இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். மாவுக் கையோடு பக்கம் தேடுகிறவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஒரு புத்தகத்துக்கு ஐந்தாறு குறிப்புகள் செய்தால் போதும், ஆனால் பார்த்து எடுங்கள். அட்டையில் படம் போட்டிருக்கும் பண்டம் ஒன்று. தினசரிச் சமையலில் ஒன்று. பதம் பார்த்து இறக்க வேண்டியது ஒன்று. நீங்கள் இதுவரை செய்தே பார்க்காதது ஒன்றாவது கட்டாயம் வேண்டும், ஏனென்றால் அதில்தான் உங்கள் கை புத்தகத்துக்கு உதவ முடியாது.

இப்போது அதிரசம். எண்ணெயில் பிரிந்துபோவதற்கு வழக்கமான காரணங்கள் சில உண்டு. பாகு பதம் வரும் முன்பே மாவில் கொட்டியது. வெல்லம் கூடிப்போனது. மாவின் ஈரம் சரியாக இல்லாதது. கலந்த மாவை ஊற விடாமல் அன்றைக்கே தட்டியது. பச்சரிசியை ஊற வைத்து, வடித்து, துணியில் நிழலில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே அரைத்துச் சலிக்க வேண்டும். கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், விட்டால் உதிர வேண்டும். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் நின்று, விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டு வர வேண்டும். வெப்பமானி வைத்துப் பார்ப்பவர்களுக்கு அது ஏறத்தாழ 112 முதல் 116 டிகிரி செல்சியஸ். கலந்த மாவு குறைந்தது ஒரு நாளாவது மூடி இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். இவையெல்லாம் அதில் எழுதியிருக்கிறதா? 'ஈர அரிசி மாவு' என்று எழுதியிருந்தும் நீங்கள் கடைப் பாக்கெட் மாவைப் போட்டிருந்தால் தப்பு உங்களுடையது. 'அரிசி மாவு' என்று மட்டும் போட்டு, 'வெல்லப் பாகு காய்ச்சி ஊற்றவும்' என்று முடித்திருந்தால் தப்பு புத்தகத்துடையது, தயங்காமல் எழுதுங்கள். எல்லாம் எழுதியிருந்து, நீங்களும் எல்லாம் செய்து, அப்போதும் பிரிந்தது என்றால் அளவைச் சந்தேகப்படுங்கள். ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்பது நம் வீடுகளில் பழகிய கணக்கு. அதற்கு மேல் போயிருந்தால் அங்கே ஒரு கேள்விக்குறி போடலாம். வெல்லத்திலும் பாகு வெல்லம் வேறு, வழக்கமான அச்சு வெல்லம் வேறு. எதை வாங்குவது என்று சொல்லாத பலகாரப் புத்தகம் அரைகுறைப் புத்தகம்தான்.

பாரம்பரியச் சமையல் என்று வருகிற புதுப் புத்தகங்களில் அளவு எங்கே கெடுகிறது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, நீங்கள் சோதிக்கும்போது கவனியுங்கள். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951-ல் வெளிவந்தபோது ஆழாக்கு என்ற முகத்தல் அளவும் பலம் என்ற எடையும்தான் வழக்கம். எடை, அளவைகளை மெட்ரிக்குக்கு மாற்றும் சட்டமே 1956-ல்தான் வந்தது. பாட்டியின் நோட்டுப் புத்தகத்திலிருந்து குறிப்பை எடுத்து அச்சுக்குக் கொடுப்பவர்கள், ஆழாக்கு என்பதைக் 'கப்' என்று மாற்றிவிடுகிறார்கள். ஆழாக்கு ஏறக்குறைய 168 மி.லி., கப் 240 மி.லி. எல்லாப் பொருளையும் ஒரே மாதிரி மாற்றினால் விகிதம் கெடாது. ஆனால் அரிசி ஆழாக்கிலும் வெல்லம் பலத்திலும் இருந்து, அரிசியைக் கப் ஆக்கி, வெல்லத்தை மட்டும் ஒரு பலம் 35 கிராம் என்று சரியாகக் கணக்குப் போட்டு கிராம் ஆக்கினால், அரிசி கூடி வெல்லம் குறைந்துவிடும், அதிரசம் கல்லாகும். ஒரே குறிப்பில் கப்பும் கிராமும் கலந்து வந்தால் தராசை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சமையலறைத் தராசு இல்லாவிட்டால் வாங்கிவிடுங்கள், இந்த வேலைக்கு அது இல்லாமல் முடியாது. 'எலுமிச்சை அளவு புளி' என்று இருந்தாலும் நீங்கள் எடுத்த உருண்டையை நிறுத்துப் பார்த்து, எத்தனை கிராம் போட்டதில் புளிப்பு சரியாக நின்றது, அது புதுப் புளியா பழம்புளியா என்று எழுதுங்கள். உங்கள் வாசகருக்கு அந்த ஒரு வரி ஒரு பத்திப் பாராட்டைவிட உதவும்.

யாழ்ப்பாணப் புத்தகத்தில் உங்களுக்கு வேறு வகைப் பொறுப்பு. அங்கே கறித்தூள் என்றால் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை இவற்றையெல்லாம் வறுத்து இடித்தது. நம் வீட்டுக் குழம்பு மிளகாய்த்தூளைப் போட்டுவிட்டு 'கறியில் மணம் இல்லை' என்று எழுதினால் அது அநியாயம். புத்தகத்திலேயே தூள் செய்முறை இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள், அதற்குப் பிறகுதான் மற்றது. 'ஒரு சுண்டு அரிசி' என்று வந்தால் அது எவ்வளவு என்று முன்பக்கத்தில் விளக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அங்குள்ளவர்களுக்கு அது தெரிந்த அளவு, திருச்சி வாசகருக்குத் தெரியாது. புத்தகம் இங்கேயும் விற்கிறது என்றால் பதிப்பாளர் விளக்கியிருக்க வேண்டும். ஒடியல் கூழ் இருக்கிறது என்றால், ஒடியல் மாவை (காய்ந்த பனங்கிழங்கை இடித்த மாவு)த் தண்ணீரில் ஊற வைத்து வடித்துக் கசப்பைப் போக்கச் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த மாவு உங்களுக்குக் கிடைக்காவிட்டால் வேறு மாவில் செய்து தீர்ப்புச் சொல்ல வேண்டாம். 'இது இங்கே கிடைக்கவில்லை, அதனால் செய்யவில்லை' என்று எழுதிவிடுங்கள்.

கேக் விஷயத்தில் கப் ஒரு பெரிய தலைவலி. அமெரிக்கக் கப் 240 மி.லி., ஆஸ்திரேலியக் கப் 250, ஜப்பானில் 200. ஆஸ்திரேலியாவில் டேபிள்ஸ்பூனே 20 மி.லி., மற்ற இடங்களில் 15. குழம்புக்கு இது பெரிதாகப் படாது. கேக்கில் முட்டையை எண்ணித்தான் போடுகிறோம், மாவை மட்டும் கப்பில் அளக்கிறோம், அதனால் கப் மாறினால் விகிதமே மாறிவிடும். ஒரே கப்பில் மைதாவை ஸ்பூனால் மெல்ல நிரப்பினால் சுமார் 120 கிராம், கப்பையே மாவு டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 வரை போகும். அளவைத் தலைதட்டி அளக்க வேண்டும் என்று பாஸ்டன் நகரில் ஃபேனி ஃபார்மர் 1896-லேயே தன் புத்தகத்தில் வலியுறுத்தினார். இத்தனை காலம் கழித்து வரும் புத்தகம் எந்தக் கப், எப்படி அளந்தது என்று சொல்லாவிட்டால் அது குறைதான். வெளிநாட்டுக் குறிப்பில் 'பெரிய முட்டை' என்றால் ஓடு நீக்கி ஏறக்குறைய 50 கிராம். நம் கடையில் கிடைக்கும் நாமக்கல் முட்டை பல சமயம் அதைவிடச் சிறியது. ஓவனுக்குள் தனியாக ஒரு வெப்பமானி வைத்துப் பாருங்கள், திருகில் 180 என்று வைத்தால் உள்ளே 180 இருக்கும் என்று நம்ப வேண்டாம். அதைப் பார்க்காமல் 'அடி கருகியது' என்று எழுதாதீர்கள்.

அந்தக் கேக் புத்தகத்தை எழுதியவர் தெரிந்தவர் என்கிறீர்கள். எப்போதாவது கல்யாணத்தில் பார்த்துப் பேசுகிற பழக்கமா? அப்படியென்றால் எழுதுங்கள், 'நூலாசிரியர் எனக்கு அறிமுகமானவர்' என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு வந்து போகிற நெருக்கமா? புத்தகத்தை இதழின் ஆசிரியரிடம் திருப்பிக் கொடுத்து வேறு ஒருவரை எழுதச் சொல்லுங்கள். மனஸ்தாபத்துக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. நெருங்கினவர் புத்தகத்தைப் பாராட்டி எழுதினாலும் வாசகர் நம்ப மாட்டார், நல்ல புத்தகமாக இருந்தால் அவருக்கும் நஷ்டம். எழுதுவதாக இருந்தால், ஒரு அளவு கண்ணை உறுத்தும்போது அவரையே கூப்பிட்டு, 'இது அச்சுப்பிழையா?' என்று கேட்கலாம், தப்பில்லை. தெரியாத ஆசிரியருக்கும் பதிப்பகம் வழியாக அதே மரியாதையைக் கொடுங்கள். ஆனால் பிழை என்று அவர் ஒத்துக்கொண்டாலும், விற்கிற பிரதியில் அந்தப் பிழை இருக்கிறது என்பதை நீங்கள் எழுதத்தான் வேண்டும். சரியான அளவையும் கூடவே போட்டுவிடுங்கள்.

குறிப்பை முழுசாகப் போடுவது பற்றி: 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, விமர்சனத்துக்காக ஒரு படைப்பிலிருந்து நியாயமான அளவு எடுத்தாள அனுமதிக்கிறது. நான்கு வரி எடுத்துக் காட்டலாம், ஒரு செய்முறையை உங்கள் வார்த்தையில் விவரிக்கலாம். ஆசிரியரின் வாக்கியங்களோடு முழுக் குறிப்பையும் படத்தையும் அச்சிடுவதென்றால் பதிப்பகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகவே கொடுப்பார்கள்.

மாமியார் கேட்பது நியாயமான கேள்வி. தினமும் சோதனை வேண்டாம், வாரத்தில் இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களிலும் ரசமும் மோரும் வழக்கப்படி இருக்கட்டும், சோதனைப் பண்டம் ஒன்று மட்டும் இலையில் வரட்டும். விசேஷ நாளிலும் விருந்தாளி வரும் நாளிலும் புத்தகத்தைத் திறக்காதீர்கள். 'எப்படி இருக்கு?' என்று கேட்காதீர்கள், வீட்டில் உண்மையான பதில் வராது. யார் இரண்டாம் தடவை கேட்டுப் போட்டுக்கொள்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். பலகாரப் புத்தகத்தை மாமியார் கையிலேயே கொடுத்து, மத்தியானம் சாவகாசமாகப் படிக்கச் சொல்லுங்கள். அதிரசப் பக்கத்தில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று அவர் சொல்வதை அவர் சொன்னதாகவே விமர்சனத்தில் எழுதுங்கள்.