‘அங்கே எல்லாம் லீகல்’ என்று டூர் ஏஜென்ட் சொன்னால் நம்பலாமா?

கேள்வி: நண்பர்கள் எட்டுப் பேர் அடுத்த மாதம் பட்டாயா போகிறோம். ஓர் இரவை ‘ஸ்பெஷல் புரோகிராம்’ என்று ஏஜென்ட் சேர்த்திருக்கிறார். விசாரித்தால், ‘தாய்லாந்தில் அதெல்லாம் லீகல் சார்’ என்கிறார். எனக்கு உறுத்துகிறது. சட்டம் என்னதான் சொல்கிறது?

பதில்: ஏஜென்ட் சொன்னது தவறு. தாய்லாந்து 1960-லேயே பாலியல் தொழிலைத் தடை செய்துவிட்டது. ஆனால் 1966-ல் வந்த கேளிக்கை விடுதிகள் சட்டம் மதுக்கூடம், மசாஜ் பார்லர் போன்றவற்றுக்கு லைசென்ஸ் கொடுத்தது. வியட்நாம் போரிலிருந்து விடுப்பில் வந்த அமெரிக்கச் சிப்பாய்களின் பணம் சேர, அந்த லைசென்ஸின் மறைவில் தொழில் தழைத்தது. இன்று தெருவில் பகிரங்கமாக நடப்பதைப் பார்ப்பவர்கள் அனுமதி இருப்பதாக நினைத்துவிடுகிறார்கள்.

இப்போது நடப்பில் இருப்பது 1996-ம் ஆண்டுச் சட்டம். தரகர், விடுதி நடத்துபவர் ஆகியோரோடு வாடிக்கையாளரையும் அது பிடிக்கிறது. விடுதியில் இருக்கும் பெண் 15 வயதைத் தாண்டி 18-க்குள் இருந்தால், போனவருக்கு 1 முதல் 3 ஆண்டு சிறை. 15-க்குக் கீழே என்றால் 2 முதல் 6 ஆண்டு. அபராதம் தனி. ‘அவள் சம்மதித்தாள்’ என்ற பேச்சே எடுபடாது. பிள்ளையை அனுப்பிவைத்த பெற்றோருக்கும் தண்டனை உண்டு. மிரட்டியோ ஏமாற்றியோ கொண்டுவரப்பட்டவர்களுக்காக 2008-ல் ஆட்கடத்தல் தடுப்புச் சட்டம் தனியாக வந்தது.

ஊர் திரும்பிவிட்டால் முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் செய்த குற்றத்துக்கு இந்தியாவிலும் வழக்குத் தொடரலாம். பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்த இந்த விதி பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை அந்தப் பெண்ணைப் பற்றியது. பெயர் கேட்டால் பதில் சொல்லும் முன் வாசலில் நிற்பவன் முகத்தைப் பார்க்கிறாள், அடையாள அட்டை முதலாளியிடம் இருக்கிறது, வாங்கிய கடன் தீரும்வரை வெளியே விடமாட்டார்கள் என்கிறாள்: இதில் ஒன்று தென்பட்டாலே சந்தேகப்படுங்கள். நீங்களே போய் மீட்க முயலாதீர்கள், படம் எடுக்காதீர்கள்; அடி அவளுக்குத்தான் விழும். விடுதியின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு வெளியே வந்து, சமூக நல அமைச்சகத்தின் 1300-க்கோ சுற்றுலாக் காவல்துறையின் 1155-க்கோ சொல்லுங்கள்.

ஏஜென்டுக்கு இன்றே எழுத்தில் அனுப்புங்கள்: ‘அந்த நிகழ்ச்சி வேண்டாம், அதற்கான தொகையைக் கழித்துப் புதிய பில் தாருங்கள்.’ பதில் வாட்ஸ்அப்பில் வந்தால் அழிக்காமல் வைத்திருங்கள்.