கூப்பர் கப்பின் விலை

அன்புள்ள சார்,

வணக்கம். டாலஸ் பக்கத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் அலுவலகத்தில் பன்னிரண்டு பேர் சேர்ந்து, அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். போட்டிகளை வைத்து ஃபேன்டசி லீக் ஆடுகிறோம். நிஜ ஆட்டக்காரர்களைக் கொண்டு ஆளுக்கொரு கற்பனை அணி அமைத்து, களத்தில் அவர்கள் செய்வதற்குப் புள்ளி எண்ணும் ஆட்டம். 2021-இல் ஆள் பிரிக்கும் டிராஃப்டின் நான்காவது சுற்றில், பிடித்த ஆட்களெல்லாம் போய்விட்டதால், லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணியின் கூப்பர் கப்பை எடுத்தேன். அந்த வருடம் கோப்பை எனக்கு. மறுவருடம் முதல் சுற்றிலேயே அவரை எடுத்தேன். நவம்பரில் கணுக்காலில் அடிபட்டு அவர் உட்கார்ந்துவிட, என் அணியும் கூடவே உட்கார்ந்துவிட்டது. "ஒரு வருஷ அதிர்ஷ்டம், அவன் அவ்வளவுதான்" என்று லீக்கில் இன்றுவரை கிண்டல். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் என்ன பதில் சொல்வது என்றும் தெரியவில்லை. எறியும் பந்தை ஓடிப் பிடிக்கும் வைட் ரிசீவர் ஒருவரின் சீசனை எப்படி எடைபோடுவது?

இன்னொன்று. "நீ மேட்ச் பார்க்கல, பாஸ்புக் பார்க்குற" என்கிறாள் என் மனைவி. சரிதானா? கப் இப்போது சியாட்டில் சீஹாக்ஸுக்குப் போய்விட்டார். 2025 சீசனுக்கான எங்கள் டிராஃப்ட் இந்த மாதக் கடைசியில். அவரை எடுக்கலாமா?

அன்புடன்,
செந்தில்

அன்புள்ள செந்தில்,

உங்கள் நண்பர்கள் 2022-ஐச் சரியாகப் பார்க்கவில்லை. அந்த வருடம் கப் ஆடியது 9 ஆட்டங்கள். பிடித்தது 75 பந்து, முன்னேறியது 812 யார்டு, எல்லைக்கோட்டைத் தாண்டிய டச்டவுன் 6. பிடிக்கும் பந்துக்கு ஒன்று, பத்து யார்டுக்கு ஒன்று, டச்டவுனுக்கு ஆறு என்ற வழக்கமான கணக்கில் பந்து பிடித்ததற்கு மட்டும் 192 புள்ளி, அதாவது ஆட்டத்துக்கு 21.4. அதே வருடம் மின்னசோட்டா அணியின் ரிசீவர் ஜஸ்டின் ஜெஃபர்சன் 128 பந்து, 1,809 யார்டு, 8 டச்டவுன் என்று எல்லோரையும் வாய்பிளக்க வைத்தார். அவருக்கு அதே கணக்கில் ஆட்டத்துக்கு 21. களத்தில் இருந்தவரை கப் அவருக்குச் சளைத்தவரே இல்லை. களத்தில் இல்லாமல் போனதுதான் பிரச்சினை. அது திறமையைப் பற்றிய தகவல் அல்ல, கணுக்காலைப் பற்றிய தகவல்.

ட்ரீம்11 ஆடிப் பழகிய வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அங்கே ஒரே ஆட்டக்காரரை லட்சம் பேர் தங்கள் அணியில் வைத்துக்கொள்ளலாம். செந்தில் ஆடும் லீக்கில் முடியாது. பன்னிரண்டு பேரும் சுற்றுமுறையில் ஆள் எடுப்பார்கள். ஒருவர் எடுத்த ஆள், அவர் விடாதவரை, மற்றவர்களுக்குக் கிடையாது. ஆகவே "இவன் நல்ல ஆட்டக்காரனா?" என்ற கேள்வியோடு "இவனுக்காக நான் எதை விட்டேன்?" என்ற கேள்வியும் சேர்ந்தே வரும். முதல் சுற்றில் கப்பை எடுத்தவர் அந்த இடத்தில் கிடைக்கக்கூடிய வேறொரு உச்ச ஆட்டக்காரரை இழக்கிறார். நான்காவது சுற்றில் எடுத்தவர் இழப்பது சுமாரான ஒருவரைத்தான்.

இப்போது 2021-க்கு வருவோம். 145 பந்து, 1,947 யார்டு, 16 டச்டவுன். மூன்றிலும் என்.எஃப்.எல்லிலேயே முதலிடம். என்.எஃப்.எல். வரலாற்றில் ஒரே சீசனில் இதைவிட அதிக யார்டு எடுத்தவர் கால்வின் ஜான்சன் மட்டுமே, 2012-இல் 1,964. பந்தோடு ஓடியதையும் டச்டவுனுக்குப் பின் கிடைத்த இரண்டு புள்ளிக் கூடுதலையும் சேர்த்தால் கப்பின் அந்த சீசன் 439.5 ஃபேன்டசி புள்ளி. வாரத்துக்கு ஒருவரோடு மோதும் லீக்கில் மொத்தத்தைவிட முக்கியம் சீர். 17 ஆட்டங்களில் 16-இல் அவர் 90 யார்டுக்குமேல் போனார். ஒரு ஆட்டத்தில்கூட ஐந்து பந்துக்குக் குறையவில்லை. ஒரு வாரம் நாற்பது புள்ளி, அடுத்த வாரம் நான்கு என்று உயிரை எடுக்கும் ரிசீவர்களை உங்களுக்குத் தெரியும். கப்பிடம் அந்த வருடம் அது இல்லவே இல்லை.

சரி, இப்படிப்பட்ட ஒருவர் நான்காவது சுற்றுவரை ஏன் மிச்சமிருந்தார்? 2020-இல் அவர் 15 ஆட்டங்களில் 92 பந்து பிடித்து 974 யார்டு எடுத்தார். டச்டவுன் மூன்றே மூன்று. விலையைக் கீழே இழுத்ததில் பெரும்பங்கு அந்த மூன்றுக்குத்தான். 1962-இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸின் பங்குதாரர் பில் விங்கன்பாக்கும் நண்பர்களும் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தபோது எல்லைக்கோட்டைத் தாண்டியவனுக்குத்தான் மதிப்பு. பந்து பிடித்ததற்கெல்லாம் புள்ளி கொடுப்பது பின்னால் வந்த பழக்கம். விதி மாறி எத்தனையோ காலம் ஆகியும் டிராஃப்டில் உட்காரும் மனிதர்களின் மண்டை இன்னும் விங்கன்பாக் காலத்திலேயே இருக்கிறது.

ஒரு ரிசீவரின் புள்ளிவிவரத்தில் டச்டவுனை நான் கடைசியாகத்தான் நம்புவேன். கால்வின் ஜான்சனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011-இல் 96 பந்து, 1,681 யார்டு, 16 டச்டவுன். 2012-இல் 122 பந்து, 1,964 யார்டு. டச்டவுன் 5. எல்லா வகையிலும் கூடுதலாக உழைத்த வருடத்தில் ஃபேன்டசி கணக்கு 360-லிருந்து 348-க்கு இறங்கியது. பந்து பிடித்ததற்குப் புள்ளி தராத லீக்கில் சரிவு இன்னும் கொடுமை, 264-லிருந்து 226. அவர் மோசமாகிவிட்டாரா? எல்லைக்கோட்டுக்கு ஓர் அடி, இரண்டடி முன்னால் அவரைத் திரும்பத் திரும்பப் பிடித்துத் தள்ளினார்கள், அவ்வளவுதான். அடுத்த வருடம் 14 ஆட்டங்களில் 12 டச்டவுன் வந்தது.

நான் முதலில் பார்ப்பது டார்கெட். பந்தை எறியும் ஆளான குவார்ட்டர்பேக் ஒரு ரிசீவரை நோக்கி எத்தனை முறை எறிந்தார் என்ற எண். பந்தைப் பிடித்தாலும் விட்டாலும் அது பதிவாகும். ஓர் அணி ஒருவரை எவ்வளவு நம்புகிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி இல்லை. கப்புக்கு 2021-இல் 191 டார்கெட். டெட்ராய்ட்டிலிருந்து அந்த வருடம்தான் ராம்ஸுக்கு வந்திருந்த குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்ட் சீசன் முழுக்க எறிந்ததே 601 பந்துகள். கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று கப்பை நோக்கி. ஆட்டத்துக்கு 11.2. உங்கள் நண்பர்கள் சிரிக்கும் 2022-இல் 9 ஆட்டங்களில் 98 டார்கெட், ஆட்டத்துக்கு 10.9. அதிர்ஷ்டம் என்றால் இந்த எண் முதலில் விழுந்திருக்க வேண்டும், விழவில்லை. அந்த வருடம் ராம்ஸ் அணியே சரிந்து 5 வெற்றி, 12 தோல்வி என்று முடிந்தபோதும் அவரை நோக்கிப் பந்து வருவது நிற்கவில்லை.

ஆனாலும் உங்கள் 2022 முதல் சுற்றுத் தேர்வை நான் முழுதாக ஆதரிக்க மாட்டேன். கப்புக்கு அப்போது 29 வயது. 2018-இல் ஏற்கெனவே முழங்கால் தசைநார் கிழிந்து பாதி சீசனை இழந்தவர். சாதனை சீசனுக்கு அடுத்த வருடத்தை முழு விலைக்கு வாங்குபவர்கள் மைக்கேல் தாமஸை நினைத்துக்கொள்ள வேண்டும். 2019-இல் நியூ ஆர்லியன்ஸுக்காக 149 பந்து பிடித்து சாதனை படைத்தவர், 2020-இல் கணுக்கால் காயத்தோடு 7 ஆட்டங்களில் 40 பந்து பிடித்தார். 2021-இல் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. உச்சவிலை கொடுக்கும்போது ஆள் 17 வாரமும் நிற்பார் என்ற அனுமானத்துக்கும் சேர்த்தே கொடுக்கிறீர்கள். நான்காவது சுற்றில் அந்த அனுமானம் மலிவு.

உங்கள் மனைவி சொன்னது பாதி சரி. மீதிப் பாதி என்னவென்றால், பாஸ்புக் பார்க்காமல் இருந்திருந்தால் தன் ஊர் அணியின் ஆட்டத்தோடு டிவியை அணைக்கிற ஒருவர் ராம்ஸின் ஆட்டத்தையெல்லாம் ஏன் பார்த்திருக்கப்போகிறார்? ஃபேன்டசி பலரை ஆட்டத்துக்குள் இழுத்து வருகிறது. ஆனால் ஆட்டத்தின் நல்ல பகுதிகள் சிலவற்றுக்கு அதனிடம் கணக்கே இல்லை. பயிற்சியாளர் ஷான் மெக்வேயின் ராம்ஸ் அணியில் ரிசீவர்கள் தாக்குதல் வரிசையை ஒட்டி நெருக்கமாக நிற்பார்கள். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவனுக்காகத் தன்னைவிடக் கனத்த தடுப்பாட்டக்காரர்மேல் கப் போய் மோதுவார். அதற்குப் புள்ளி பூஜ்யம். தன்மேல் இருவரை இழுத்துக்கொண்டு ஓடி இன்னொருவருக்கு இடம் திறந்துவிட்டால் அதற்கும் பூஜ்யம்.

அவருடைய வாழ்க்கையின் உச்சமும் உங்கள் லீக்கில் பூஜ்யம்தான். பெரும்பாலான ஃபேன்டசி லீக்குகள் 17-ஆம் வாரத்தோடு முடிந்துவிடும். 2021 சீசனில் அதற்குப் பிறகு வந்த நான்கு பிளேஆஃப் (நாக்அவுட்) ஆட்டங்களில் கப் 33 பந்து, 478 யார்டு, 6 டச்டவுன். 2022 பிப்ரவரி 13-இல் சின்சினாட்டிக்கு எதிரான இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் ராம்ஸ் 16–20 என்று பின்தங்கியிருந்தது. மிச்சம் ஆறு நிமிடம் சொச்சம், கடக்க வேண்டியது 79 யார்டு. இன்னொரு முக்கிய ரிசீவரான ஒடெல் பெக்காம் இரண்டாவது கால்பகுதியிலேயே முழங்கால் போய் வெளியேறிவிட்டார். பந்து யாருக்கு வரும் என்று அரங்கத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும், சின்சினாட்டியின் தடுப்பாட்டக்காரர்கள் உட்பட. கடைசி வாய்ப்பான நான்காவதில் ஒரு யார்டு தேவைப்பட்டபோது பந்தைக் கப்பின் கையிலேயே கொடுத்து ஓடவிட்டார்கள். ஏழு யார்டு எடுத்தார். அப்புறம் ஸ்டாஃபோர்ட் பார்வையை வேறு பக்கம் வைத்துக்கொண்டு அவரிடம் எறிந்த அந்த 22 யார்டு பந்து. இறுதியில் 1 நிமிடம் 25 நொடி இருக்க, ஒரு யார்டு தூரத்திலிருந்து டச்டவுன். 23–20. ஆட்டநாயகன் விருதும் அவருக்கே. உங்கள் கோப்பையோ ஒரு மாதம் முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. நீங்கள் இந்தக் கடைசி ஓட்டத்தைக் கணக்குப் பார்க்காமல் பார்த்திருந்தால் உங்கள் மனைவிக்கு நான் தனியாகப் பதில் எழுத வேண்டியதில்லை.

இனி சியாட்டில். 2023-இல் தொடைத்தசைக் காயத்தால் கப் முதல் நான்கு ஆட்டங்களை இழந்தார். அந்த இடைவெளியில் என்.எஃப்.எல். டிராஃப்டின் ஐந்தாம் சுற்றில் ராம்ஸுக்கு வந்த பூகா நகுவா என்ற புதுப்பையன் 105 பந்து, 1,486 யார்டு என்று அறிமுக வருடத்துக்கான சாதனைகளை உடைத்தார். டார்கெட் கைமாறியது. 2024-இல் கப்புக்கு 12 ஆட்டங்களில் 100 டார்கெட், 710 யார்டு. எண் பார்க்கக் கேவலமில்லை. ஆனால் பல ஃபேன்டசி லீக்குகளில் பிளேஆஃப் தொடங்கும் 15-ஆம் வாரம், சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிராக, அவர் ஒரு பந்துகூடப் பிடிக்கவில்லை. அந்த வியாழன் இரவு அவரை இறக்கியிருந்தவர்களின் வயிற்றெரிச்சலை நான் கேட்டிருக்கிறேன். 2025 மார்ச்சில் ராம்ஸ் அவரை விடுவித்தது.

சியாட்டிலில் ரிசீவர் டி.கே. மெட்கால்ஃப் பிட்ஸ்பர்க்குக்குப் போய்விட்டார், டைலர் லாக்கெட்டும் இல்லை. இடம் காலியாக இருக்கிறது என்பது உண்மை. ஆனால் 2024-இல் 100 பந்து பிடித்த ஜாக்சன் ஸ்மித்-என்ஜிக்பா அங்கே இருக்கிறார். புது குவார்ட்டர்பேக் சாம் டார்னல்டின் கண் முதலில் போவது அவர் பக்கம்தான். 32 வயது கப் இரண்டாவது ஆள். எட்டாவது சுற்றுக்கு முன்னால் அவர் பெயரைச் சொல்லாதீர்கள், உங்கள் லீக்கில் யாராவது பழைய பாசத்தில் முந்தினால் முந்தட்டும். பத்துக்குப் பிறகும் இருந்தால் எடுத்து, முதல் மூன்று வாரம் பெஞ்சில் உட்கார வைத்து டார்கெட்டை மட்டும் எண்ணுங்கள். ஏழு, எட்டு வந்தால் இறக்குங்கள். நான்கு என்றால் வெட்டிவிட்டு வேவரில், அதாவது யாரும் எடுக்காமல் மிஞ்சிய ஆட்களில், வேறு ஆள் பாருங்கள்.