மகன் வெல்டர் ஆகட்டும், முதலில் பட்டறையைப் பாருங்கள்

குளச்சல் பக்கமிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: “பத்தாம் வகுப்பு முடித்த மகன் வெல்டர் படிப்புக்குத்தான் போவேன் என்று அடம்பிடிக்கிறான். கண் போய்விடும், கரண்ட் அடித்துவிடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். விடலாமா?”

விடுங்கள் அம்மா. ஐடிஐயில் அது ஓராண்டுப் படிப்பு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். நாகர்கோவில் கோணத்தில் உள்ள அரசு ஐடிஐயில் நேரில் போய் விசாரியுங்கள். எனக்குக் கவலை படிப்பைப் பற்றியல்ல, அதன்பின் அவன் கை பழகப் போகும் பட்டறையைப் பற்றி.

உருகி இரும்பை ஒட்டவைக்கும் கம்பிதான் ராடு; அதைக் கவ்விப் பிடிக்கும் கைப்பிடி ஹோல்டர். புதுப் பையனிடம் யாரும் உடனே ஹோல்டரைக் கொடுப்பதில்லை. பைப்பைத் தாங்கிப் பிடி என்பார்கள். ராடு பிடிப்பவர் முகத்தில் ஷீல்டு இருக்கும். இவன் வெறும் கண்ணோடு தலையைத் திருப்பிக்கொண்டு நிற்பான். ராடு நுனியில் எரியும் மின்சுடரான ஆர்க்கின் புற ஊதாக் கதிர் பக்கவாட்டில் பட்டாலும் கண்ணைப் புண்ணாக்கும். அப்போது ஒன்றும் தெரியாது. நள்ளிரவில் மணலை அள்ளிப் போட்டதுபோல் கண் உறுத்தும், நீர் கொட்டும். தாய்ப்பால் விடு, உருளைக்கிழங்கு வை என்று கைவைத்தியம் சொல்வார்கள். கேட்காதீர்கள், கண் மருத்துவரிடம் போங்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஆனால் அடிக்கடி படவிடக் கூடாது. எடுபிடிக்கும் ஒரு ஷீல்டு தருகிறார்களா என்று பாருங்கள். சாதாரண ராடு வேலைக்கு அதில் 10 அல்லது 11 எண் கறுப்புக் கண்ணாடி வேண்டும்; கூலிங் கிளாஸ் உதவாது.

கரண்ட் விஷயத்தில் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று ஒரு தனி ஆபத்து உண்டு. ஆர்க் எரியாத நேரத்தில் ஹோல்டரில் 50 முதல் 80 வோல்ட் வரை நிற்கும். வீட்டுக் கரண்டைவிடக் குறைவுதானே என்பார்கள். உலர்ந்த கையுறைக்கு அது சரி. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில், உப்புநீர் படிந்த படகின் இரும்புத் தளத்தில் குந்தி, வியர்வைக் கையால் ராடு மாற்றுபவனை அந்த 80 வோல்ட்டும் கொல்லும். வேலைப்பொருளைக் கவ்வும் எர்த் கிளாம்ப் வேறு, மெஷின் உடலில் கசியும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் எர்த் வேறு. முன்னது இருந்தால் போதும் என்று நடத்தும் பட்டறைகளை நானே பார்த்திருக்கிறேன். ஒயரில் இன்சுலேஷன் டேப் சுற்றிச் சுற்றிப் பருத்திருந்தால் வாசலோடு திரும்பிவிடுங்கள்.

துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பைக் காற்றோட்டமில்லாத இடத்தில் பற்றவைத்தால் மாலையில் குளிர்காய்ச்சல் வரும். வைரஸ் காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை விழுங்குவார்கள். காலியான டீசல் டேங்க்கை வெல்டிங் செய்யச் சொன்னால் மறுத்துவிட வேண்டும் என்று மகனிடம் இப்போதே சொல்லி வையுங்கள். உள்ளே தங்கிய ஆவியே வெடிக்கப் போதும்.

வளைகுடா வேலைக்கான தேர்வில் வாய் பேசிப் பயனில்லை, கை பேச வேண்டும். 45 டிகிரி சாய்ந்து நிற்கும் பைப்பைச் சுற்றிலும் பற்றவைக்கும் 6ஜி தேர்வு வரை அவன் போகட்டும். அதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும்.

இந்த வாரமே தோல் காலணி ஒன்றும் முழுக்கைப் பருத்திச் சட்டை இரண்டும் வாங்கிக் கொடுங்கள். பாலியஸ்டர் சட்டை பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அது கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் இருக்கட்டும்.