ஸ்மார்ட் பிளக்: ஆப்பைப் பார்க்க முன் பின்னைப் பாருங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஸ்மார்ட் பிளக் பற்றியவை. சுவர் சொக்கெட்டுக்கும் சாமானுக்கும் நடுவே செருகி, வைஃபை வழியாகப் போனில் இருந்து இயக்கும் பிளக் அது. போனில் தட்டினால் லைட் எரியும், விசிறி நிற்கும் என்று விளம்பரம் வருகிறது. வாங்கியவர்களோ வேறு கதை சொல்கிறார்கள். ஒன்றாகவே பார்த்துவிடுவோம்.

கேள்வி: கடையில் மூன்று விதம் காட்டினார்கள். தட்டைக் கால் 10 அம்பியர், உருண்டைக் கால் 16 அம்பியர், சதுரக் கால் 13 அம்பியர். 16 தான் பலம், விலையும் குறைவு என்கிறார்கள். எங்கள் வீடு பழையது. பாதி சொக்கெட் உருண்டை ஓட்டை, மீதி சதுரம். எதை வாங்கலாம்? (வாசகி, உவர்மலை)

சதுரக் காலை வாங்குங்கள். 16 என்ற எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள்.

சதுர சொக்கெட்டின் மேல் ஓட்டையில் பேனா முனையைக் குத்திப் பிடித்துக்கொண்டு, கீழே இரண்டு உருண்டைக் காலைச் செருகுவதை நம் வீடுகளில் பார்க்காதவர் இருக்க முடியாது. அந்த மேல் ஓட்டை எர்த்துக்கு உரியது. சதுர பிளக்கின் எர்த் கால் மற்ற இரண்டையும் விட நீளம். அது முதலில் உள்ளே போய்க் கீழ் ஓட்டைகளின் மூடியைத் திறக்கும். குழந்தை கம்பியை விட்டுவிடக் கூடாது என்றுதான் அந்த மூடி. பேனாவால் அதை ஏமாற்றிச் செருகினால் கரண்ட் வரும், எர்த் வராது. உருண்டைக் கால் ஐரோப்பிய பிளக் எர்த்தைப் பக்கவாட்டுத் தகட்டில் தேடும். நம் சொக்கெட்டில் அப்படி ஒரு தகடே இல்லை. கால்களும் இறுகப் பிடிக்காது. தளர்ந்த இடத்தில் சூடு ஏறும். இந்த நிலையில் 16 அம்பியர் இருந்து என்ன பயன்?

நானே பட்டவன். மலிவாகக் கிடைத்தது என்று ஒரு 10 அம்பியர் பிளக்கை வாங்கி, அடப்டர் போட்டுக் குசினியில் கேத்தலுக்கு வைத்தேன். 2000 வாட்ஸ் கேத்தல் நம் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 அம்பியர் எடுக்கும். கணக்குப்படி சரிதான். மூன்றாவது கிழமை பிளாஸ்டிக் கருகிய மணம் வந்தது. கழற்றிப் பார்த்தால் அடப்டரின் ஒரு ஓட்டையைச் சுற்றி மண்ணிறம், கால் உள்ளே ஒட்டிப்போயிருந்தது. கடைக்காரர் "பில் எங்கே?" என்றார். நான் வாங்கியிருக்கவில்லை.

ஆகவே பில் கேட்டு வாங்குங்கள். பொருள் பழுது, கடை கைவிரிக்கிறது என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற எண்ணில் பேசலாம். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

உங்கள் பழைய உருண்டை ஓட்டைகளைப் பற்றி: 2016இல் 13 அம்பியர் சதுரப் பின்னைத்தான் இலங்கையின் தரமாக அறிவித்தார்கள். ஆனால் சொக்கெட்டை மட்டும் மாற்றினால் போதாது. சிறிய உருண்டை ஓட்டை 5 அம்பியருக்கு உரியது, அதற்குப் போகும் வயரும் மெல்லியதாக இருக்கலாம். வயரிங் தெரிந்தவர் லைனையும் பார்த்து, எர்த்தையும் சோதித்த பிறகு மாற்றட்டும். அதுவரை ஸ்மார்ட் பிளக்கைச் சதுர சொக்கெட்டில் மட்டும் போடுங்கள். முற்றத்து லைட், மேசை விசிறி, நுளம்பு மெஷின், டிவி, இவற்றுக்கு நன்றாக வேலை செய்யும்.

கேள்வி: கிணற்று மோட்டரைக் கட்டிலில் இருந்தபடியே போட, நிறுத்த ஆசை. அரைக் குதிரைவலு மோட்டர்தான். ஸ்மார்ட் பிளக் தாங்குமா? (வாசகர், பாலையூற்று)

ஓடும்போது தாங்கும். புறப்படும்போதுதான் சிக்கல். 3 அம்பியர் அளவில் ஓடுகிற மோட்டர், சுழலத் தொடங்கும் அந்தக் கணத்தில் அதைப்போல 5, 6 மடங்கு இழுக்கும். பிளக்கின் உள்ளே றிலே என்று ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கிறது. அதன் இரண்டு முனைகளும் ஒவ்வொரு முறையும் பொறி பறந்து தேய்ந்து, ஒரு நாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் போனில் 'ஆஃப்' என்று காட்டும். மோட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

வழி இருக்கிறது. கொன்டாக்டர் என்ற பெரிய சுவிட்ச் ஒன்றை வைத்து, மோட்டரின் பாரத்தை அது சுமக்க, ஸ்மார்ட் சுவிட்ச் கொன்டாக்டரை மட்டும் இயக்கும்படி செய்யலாம். அது வயரிங்காரரின் வேலை. ஆனால் ஒன்று கேட்கிறேன்: ஆவணி வெயிலில் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று கட்டிலில் இருந்து எப்படித் தெரியும்? தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டர் போய்விடும். தாங்கியிலும் கிணற்றிலும், தண்ணீர் மட்டத்தைப் பார்த்துத் தானே போட்டு நிறுத்தும் மிதவைச் சுவிட்ச் போடுவது இதைவிட மலிவு, போனும் தேவையில்லை.

கேள்வி: சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறேன். ஆட்கள் ஏசியையும் ஹீட்டரையும் போட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விடுகிறார்கள். ஸ்மார்ட் பிளக் போட்டு நிறுத்தலாமா? (வாசகர், நிலாவெளி)

ஹீட்டருக்கு வேண்டவே வேண்டாம். உடனே சூடாக்கும் குளியல் ஹீட்டர்கள் பல 3500 வாட்ஸ். அது 15 அம்பியர். 13 அம்பியர் பிளக் ஏறக்குறைய 3000 வாட்ஸோடு சரி. சுவரில் நிரந்தரமாகப் பொருத்தும் பெரிய அம்பியர் சுவிட்ச், ட்றிப் சுவிட்ச் பாதுகாப்போடு, அதற்கு வேண்டும்.

ஏசியின் கரண்ட்டைத் திடீரென வெட்டுவதும் நல்லதல்ல. றிமோட் அனுப்பும் அதே சைகையை அனுப்பும் சின்ன ஐஆர் பெட்டி கிடைக்கிறது. அறையில் வைத்தால் ஏசி தன் முறைப்படி நிற்கும்.

கடற்கரை ஆட்களுக்கு இன்னொன்று: உப்புக் காற்றில் பித்தளைக் கால் பச்சை பிடிக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். பச்சையோ கருப்போ தெரிந்தால் துடைத்துப் போட நினைக்காமல் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: இதைப் போட்டால் கரண்ட் பில் குறையுமா? (வாசகி, கிண்ணியா)

தானாகக் குறையாது. பிளக்கும் வைஃபையில் விழித்திருக்க 1 வாட் அளவு எடுக்கும். மாதத்துக்கு முக்கால் யூனிட் என்று வையுங்கள். பத்து போட்டால் ஏழு யூனிட்.

கரண்ட் அளக்கும் வகையை ஒன்றே ஒன்று வாங்குங்கள். ஒரு நாள் ஃபிரிட்ஜில், ஒரு நாள் டிவியில் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். யூனிட் கூடக்கூட மின்சாரத்தின் விலைப்படியும் ஏறுவதால், எந்தச் சாமான் உங்களை அடுத்த படிக்குத் தள்ளுகிறது என்று பிடித்துவிடலாம். ஃபிரிட்ஜை அளந்த பிறகு பிளக்கைக் கழற்றிவிடுங்கள். யாராவது தெரியாமல் போனில் தட்டினால் வாங்கி வைத்த மீன் எல்லாம் நாறும்.

கரண்ட் போய் வரும்போது என்ன செய்ய வேண்டும் என்றும் ஆப்பில் ஒரு தெரிவு இருக்கும். அயன் பொக்ஸ் போன்ற சூடாகும் எதற்கும் 'ஆஃப்' என்றே வையுங்கள். நடு இரவில் கரண்ட் வந்து, மறந்துபோன அயன் பொக்ஸ் துணி மேல் சூடேறுவதை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: வாங்கிவிட்டேன், வைஃபையில் சேரவே மாட்டேன் என்கிறது. (வாசகர், உப்புவெளி)

பெரும்பாலான ஸ்மார்ட் பிளக்குகளுக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபை அலை மட்டுமே தெரியும், 5 கிகாஹேர்ட்ஸ் தெரியாது. றவுட்டர் இரண்டு பெயர் காட்டினால் 5 என்று இல்லாத பெயரில் போனைச் சேர்த்துவிட்டு முயலுங்கள். றவுட்டரையே ஸ்மார்ட் பிளக்கில் போட்டிருக்கிறீர்களா? சிலர் போடுகிறார்கள். போனில் நிறுத்திய பிறகு போன் மூலம் திரும்பப் போட முடியாது, எழுந்து போய்ப் பிளக்கின் பொத்தானை அமத்த வேண்டியதுதான்.

கேள்வி: கனடாவில் இருந்து மகன் நான்கு ஸ்மார்ட் பிளக் கொண்டுவந்து தந்தான். இங்கே பாவிக்கலாமா? (வாசகி, திருக்கடலூர்)

பின்பக்கத்து எழுத்தைப் பாருங்கள். 120 அல்லது 125 வோல்ட் என்று மட்டும் இருந்தால், அடப்டர் போட்டுக்கூடச் செருக வேண்டாம். நம் 230 வோல்ட்டில் அது எரிந்துபோகும். அவன் திரும்பிப் போகும்போது பெட்டியில் மறக்காமல் வைத்து விடுங்கள்.