'அருமை' என்றால் போதுமா?

கேள்வி: எங்கள் வாசிப்புக் குழுவில் புத்தகப் பரிந்துரைகள் குவிகின்றன. எல்லாவற்றுக்கும் 'அருமை', 'தவறவிடாதீர்கள்' என்றே சொல்கிறார்கள். எதைத்தான் எடுத்துப் படிப்பது?

பதில்: 'அருமை' என்பதை நான் பரிந்துரையாகவே எடுத்துக்கொள்வதில்லை. எந்த இடத்தில் மனசு நின்றது என்று கேளுங்கள். எங்கள் குழுவில் ஒரு அம்மா, அசோகமித்திரனின் 'தண்ணீர்' (1973) நாவலைச் சிபாரிசு செய்தபோது கதைச் சுருக்கமே சொல்லவில்லை. மனம் உடைந்து கிடக்கும் ஜமுனாவிடம் டீச்சரம்மா தன் வாழ்க்கையைச் சொல்லும் பக்கங்களை மட்டும் வாய்விட்டு வாசித்தார். ஆறுதல் வார்த்தை எதுவும் பேசாமல் ஒருத்தியைத் தூக்கி நிறுத்தும் பேச்சு அது! கேட்டவர்களில் பலர் அன்றைக்கே புத்தகத்தைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். பிடிக்காமல் போன புத்தகத்தைப் பற்றியும் காரணத்தோடு சொல்லச் சொல்லுங்கள். ஒருவருடைய ரசனை அதில்தான் பிடிபடும்.

எல்லோரும் சேர்ந்து படிக்க வேண்டுமென்றால் சின்னப் புத்தகமே நல்லது. சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' ஒரே மூச்சில் படித்து முடிக்கக்கூடியது. அப்பாவைக் கொன்ற காரிக் காளையை அடக்க வரும் பிச்சி ஒரு பக்கம். அந்தக் காளையைத் தன் கௌரவமாகவே நினைக்கும் ஜமீன்தார் மறுபக்கம். கடைசியில் ஜமீன்தார் செய்யும் காரியம் நியாயமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். வாயே திறக்காத உறுப்பினர்கூட வரிந்துகட்டிக்கொண்டு பேசுவார். ஆயிரம் பக்க நாவல்களை அவரவர் வேகத்துக்கு விட்டுவிடலாம்.